உப்புப் போடாத மருமகள்

மாமியார் பெட்டியைக் கட்டி ஹாலுக்கு நட்டநடுவில் வைத்துவிட்டார். போகிறவர் வருகிறவர் எல்லோரும் அதில் இடித்துக்கொள்ள வேண்டும் என்றே வைத்தது போலிருந்தது.

"நான் என் பொண்ணு வீட்டுக்குப் போறேன். அங்கேயாவது வாய்க்கு ருசியா ஏதாவது கெடைக்கும்!"

யாரிடம் சொன்னார் என்று தெரியாது. அந்த வீட்டில் யாரிடமும் இல்லாமல் சொல்லப்படுவதெல்லாம் மருமகளுக்குத்தான்.

மருமகள் அடுப்பில் முட்டையைத் திருப்பிப் போட்டாள். நாத்தனார் வீட்டில் எல்லாவற்றிலும் உப்பு தூக்கலாக இருக்கும். அங்கே போய் இருந்தால் மாமியாரின் இதயம் தாங்காது. இது மாமியாருக்குத் தெரியாது.

கணவனுக்கு இதய ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. உப்பைக் குறைத்தால் ரத்த அழுத்தம் எவ்வளவு இறங்கும், தடித்துப்போன இதயச் சுவர் மறுபடி மெலியுமா என்பதுதான் அவனுடைய ஆராய்ச்சி. போன வருடம், பொழுதுபோகாமல் கூடவே வந்த அம்மாவை அங்கே ஸ்கேன் செய்து பார்த்தான். இதயச் சுவர் தடித்திருந்தது. மேடையேறி மணிக்கணக்கில் இதயத்தைப் பற்றிப் பேசுகிறவன், பெற்ற தாயிடம் அதைச் சொல்லத் தைரியமில்லாமல் மனைவியிடம் வந்து நின்றான்.

"அப்பா மாரடைப்புல போனதுலேர்ந்து அந்தப் பேச்சை எடுத்தாலே அம்மாவுக்கு உதறும். மாத்திரையை சத்து மாத்திரைன்னு குடுத்துக்கறேன். நீ பாட்டுக்கு உப்பைக் குறைச்சிடு. மூச்சு விடாதே..."

அவள் மூச்சு விடவில்லை. அன்று முதல் வைத்தியம் அவனுடையது; திட்டு அவளுடையது.

"இத்தனை சொல்றேனே, ஒரு வார்த்தை திருப்பிப் பேசறியா?" அவள் தட்டோடு உட்கார்ந்த சாப்பாட்டு மேஜைக்கே மாமியார் வந்துவிட்டார். "சோத்துல உப்பு போட்டுத் திங்கிறவளா இருந்தா உனக்கு ரோஷம் வந்திருக்கும்!"

"போடலியே அத்தை..." வாய் தவறி வந்துவிட்டது.

"என்னது?"

"நானும்... உப்பு போட்டுத் திங்கலை."

மாமியார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவள் தட்டை வெடுக்கென்று இழுத்து ஒரு விள்ளல் முட்டையை வாயில் போட்டார். மென்றார். முகம் மாறியது.

"சமைக்கத் தெரியாதவள்னு நெனச்சேன். இல்லேன்னா எனக்கு மட்டும் நீ வேணும்னே செய்யறேன்னு நெனச்சேன். தன் தட்டுல கூடவா ஒருத்தி உப்பு போட்டுக்க மாட்டா? என்னடி நடக்குது இந்த வீட்டுல?"

"அவரையே கேளுங்க அத்தை..."

கணவன் தலையை வாரிக்கொண்டே வந்து பெட்டியில் இடித்துக்கொண்டான்.

"டேய் டாக்டரு! நீயும் இதைத்தான் திங்கிறியா?"

"நான்... கேன்டீன்ல பார்த்துக்கறேன்மா."

"கேன்டீன்ல என்ன?"

"வறுத்த உருளைக்கிழங்கு."

"உப்பு?"

ஆராய்ச்சியாளர் மின்விசிறியைப் பார்த்தார். "இருக்கும்."

அதன்பிறகு மறைக்க ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் சொன்னான். மாமியார் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ... நானும் உங்கப்பா மாதிரி போயிடுவேனாடா?"

"ஐயோ, இல்லம்மா! போன வாரம் எடுத்த ஸ்கேன்ல சுவர் மெலிய ஆரம்பிச்சிருக்கு. மாத்திரை பாதி, உப்பைக் குறைச்சது பாதி."

"உப்பைக் குறைச்சது யாரு?"

"அவதான்."

"திட்டு வாங்கினது?"

"அதுவும்... அவதான்."

"அப்புறம் உனக்கு எதுக்குடா டாக்டர் பட்டம்?"

வாசலில் மாமியார் வரச்சொன்ன டாக்ஸி ஹாரன் அடித்தது. "நான் போகலே. நீயே ஏறிப் போ, உன் உருளைக்கிழங்கு ஆறிடப்போகுது!" என்ற மாமியாரின் குரல் பாதியில் உடைந்தது. எழுந்துவந்து மருமகளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"பத்தியம் எனக்குத்தானே... நீ ஏண்டி நாக்கைக் கட்டிப்போட்டே?"

"ரெண்டு பாத்திரம் வெச்சா நீங்க கண்டுபிடிச்சிடுவீங்களே அத்தை..."

"அடிப் பாவி! பார்க்கிறவங்க கிட்டயெல்லாம் உன்னைக் கரிச்சுக் கொட்டினேனேடி... அதையும் கேட்டுக்கிட்டு இருந்தியே!" மாமியார் அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். அவளும் அழுதாள். இருவரும் ஓயும்வரை டாக்ஸி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

பிறகு மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேல்தட்டில் ஒளிந்திருந்த உப்பு டப்பாவைத் தேடி எடுத்தார். முட்டைமேல் ஒரு சிட்டிகை தூவி, தன் கையாலேயே மருமகளுக்கு ஊட்டினார்.

அவள் முகம் சுளித்தாள். "கரிக்குது அத்தை!"

"துளியூண்டுதானே போட்டேன்?"

"அது வந்தும்மா, உப்பைக் குறைச்சா நாக்கு அதுக்குப் பழகிடும். எங்க ஆராய்ச்சியிலயும் இதைத்தான்..." என்று வாசலிலிருந்து கணவன் ஆரம்பித்தான்.

"நீங்க கெளம்புங்க!" என்றாள் மருமகள். அதே நொடியில் மாமியாரும், "நீ கெளம்புடா!" என்றார்.