மூன்று தட்டு, இரண்டு பதில்

காலை பத்து மணிக்கு மாஸ்டர் விமானத்தளத்தின் பின்வாசலில் வந்து இறங்கினார். சட்டையின் இஸ்திரி மடிப்பு கலையவில்லை. காலணியில் முகம் பார்க்கலாம். அவர் ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிவிட்டது. இருந்தும் அவரைப் பார்த்ததும் காவலுக்கு நின்றவன் விறைத்து நின்றான். அவர் முப்பத்து நான்கு வருடம் இங்கே ஹெலிகாப்டர்களைப் பழுது பார்த்தவர். அவருக்கு முன் அவருடைய அப்பா. அவருக்குப் பின் அவருடைய ஒரே மகன். மூன்று தலைமுறையில் அந்தக் குடும்பத்தைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை இந்த வாசலைத் தாண்டி வெளியே போனதில்லை.

மகன் இறந்து பதினோரு நாள் ஆகியிருந்தது.

அவர் அழவில்லை. அழக் கூடாது என்ற வைராக்கியம் எதுவும் இல்லை. வரவில்லை, அவ்வளவுதான். நாக்கில் உப்பும் தெரியவில்லை, காரமும் தெரியவில்லை. விரல் நுனிகள் மரத்துக் கிடந்தன. சட்டைப் பொத்தானைக்கூடக் கண்ணால் பார்த்துத்தான் போட வேண்டியிருந்தது.

கருவி அறைப் பொறுப்பாளர் எதிரே வந்தார். தளத்தில் எல்லாருக்கும் அவர் 'பூட்டு'. தன் சாப்பாட்டு டப்பாவுக்கும் பூட்டுப் போடுகிற மனிதர்.

"வாங்க மாஸ்டர். சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

"பெல்ட் ரெண்டு ஓட்டை உள்ள போயிருக்கு. ஆச்சாம்."

மாஸ்டர் பெல்ட்டை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். மேலே இரண்டு போர் விமானங்கள் ஜோடியாகக் கிளம்பிப் போயின. சத்தம் அடங்கும்வரை இருவரும் நின்றுவிட்டு, கடைசி ஹேங்கர் கொட்டகைக்குள் போனார்கள்.

உள்ளே வெளிச்சம் குறைவு. எரிந்த பெயின்ட், தீயணைப்பு நுரை, எண்ணெய் மூன்றும் கலந்த வாடை தொண்டையில் படிந்தது. தரையில் சாக்பீஸால் ஒரு ஹெலிகாப்டரின் உருவம் முழு அளவில் வரையப்பட்டிருந்தது. பொறுக்கி வந்த துண்டுகளை அந்தக் கோட்டுக்குள் அதனதன் இடத்தில் வைத்திருந்தார்கள். முன்பகுதியில் கைப்பிடிச் சாம்பலும் சில தகடுகளும். வால்பகுதி மட்டும் ஏறக்குறைய முழுசாக, ஆள் தவழ்ந்து போகிற குழாயாக நீண்டு கிடந்தது.

மேஜையருகே விசாரணை அதிகாரி எழுந்து நின்றார். நடுவயதுப் பெண், குரலை உயர்த்தாதவர்.

"உக்காருங்க சார். வாலுக்குள்ள போற கன்ட்ரோல் கம்பில ஒரு கடித் தடம் இருக்கு. ஏதோ கெட்டியான பொருள் சிக்கியிருக்கு. அந்தப் பொருள் மட்டும் கிடைக்கல."

"என்ன பொருளா இருக்கும்னு நினைக்கறீங்க?"

"கருவி ஏதாவது உள்ள விட்டுப் போயிருந்தா அப்படி ஆகலாம். ஆனா கருவிப் பலகையில எல்லாக் கருவியும் இருக்கு. இந்தப் பலகையை உருவாக்கினதே நீங்கதான்னு சொன்னாங்க. ஒரு தடவை பார்த்து, எல்லாம் இந்தப் பிரிவோட கருவிதான்னு எழுதிக் கொடுத்தா போதும். அப்போ பழுது பார்த்தவங்க மேல குறை இல்ல."

"அப்புறம் யார் மேல?"

அதிகாரி காகிதத்தைப் பார்த்தபடியே சொன்னார். "ஓட்டினவர் மேலதான் சார் போகும்."

ஓட்டியவனும் இறந்திருந்தான். பழுது பார்த்துக் கையெழுத்துப் போட்டவன் சோதனைப் பறத்தலில் கூடவே பறக்க வேண்டும் என்பது இங்கே விதி. ஓட்டியவனும் மகனுமாக இருவர் ஏறினார்கள். ஒன்பதாவது நிமிடம் விழுந்தார்கள்.

கருவிப் பலகை பக்கத்துச் சுவரில் இருந்தது. ஒவ்வொரு கருவிக்கும் அதே உருவத்தில் மஞ்சள் நிழல், அதன்மேல் ஓர் ஆணி. கருவியை எடுப்பவன் அந்த ஆணியில் தன் பித்தளை வில்லையை மாட்ட வேண்டும். வில்லை தொங்கினால் கருவி இன்னும் அவனிடம் இருக்கிறது என்று பொருள். ஒரு வில்லை தொங்கினாலும் வண்டி பறக்காது.

எந்த ஆணியிலும் வில்லை இல்லை. மூன்றாம் வரிசை, ஏழாம் இடம். அங்கே தொங்கிய ஸ்பானரை மாஸ்டர் தொடாமல் பார்த்தார். அதில் பொறித்திருந்த எண்ணில் ஏழுக்குக் குறுக்கே ஒரு சிறு கோடு இருந்தது. ஏழு என்ற எண்ணை அப்படி எழுதுகிறவர் இந்தத் தளத்திலேயே ஒருவர்தான்.

பன்னிரண்டு நாளுக்கு முந்தைய மாலை. சமையலறை மேஜை.

"அப்பா, ஒரு ஸ்பானர் குறையுது. வாலுக்குள்ள ரெண்டு தடவை தேடிட்டேன்."

"எழுதிக் கொடுத்தா?"

"வண்டியைப் பூரா பிரிச்சுப் பார்ப்பாங்க. என் பேர் பதிவேட்டுல ஏறும்."

"உன் பேர் மட்டுமா? உன் தாத்தா பேரு, என் பேரு. நம்ம வீட்டுல பொருளைத் தொலைச்சவன் இல்ல."

தன் சொந்தப் பெட்டியிலிருந்து அதே அளவு ஸ்பானரை எடுத்து, தளத்தின் எண்ணைத் தானே பொறித்தார். மகன் அதைக் கையில் வாங்கி, எண்ணை விரலால் தடவிப் பார்த்தான்.

"ஒருவேளை உள்ளேயே இருந்தா?"

"ரெண்டு தடவை பார்த்தேல்ல?"

"பார்த்தேன்."

"அப்புறம் என்ன."

மறுநாள் காலை அந்த ஸ்பானர் பலகையில் ஏறியது. மகன் தன் வில்லையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பறந்தான். கடைசியில் மூடிய சவப்பெட்டிதான் வீட்டுக்கு வந்தது.

டொக். டொக். டொக்.

சத்தம் வால்பகுதியின் உள்ளேயிருந்து வந்தது.

மாஸ்டர் திரும்பவில்லை. பயம் வர வேண்டிய இடத்தில் எதுவும் வரவில்லை. அந்தத் தட்டு என்னவென்று அவருக்குத் தெரியும். அதை ஏற்படுத்தியவரே அவர். ஒருவர் வாலுக்குள் இருப்பது தெரியாமல் வெளியே மூடியை முடுக்கிவிட்ட பிறகு கொண்டுவந்த வழக்கம். உள்ளே இருப்பவன் மூன்று தட்டுவான்: நான் உள்ளே இருக்கிறேன். வெளியே இருப்பவன் இரண்டு தட்டுவான்: தெரியும், வா. பதில் வரும்வரை உள்ளே இருப்பவன் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

"வெயில் ஏறுனா தகரம் விரியும் மாஸ்டர்," என்று பூட்டு காதருகே கிசுகிசுத்தார். கொஞ்சம் பொறுத்து, "வால் இங்க வந்த நாள்லேர்ந்து மூணு மூணாத்தான் விரியுது."

"யாராவது பதில் தட்டினீங்களா?"

"யாருக்குத் தைரியம்? நீங்க தட்டுங்களேன். அப்பாதானே."

மாஸ்டர் வால்பகுதியின் அருகே போனார். கையை மடக்கி உயர்த்தினார். தகடு ஒரு விரற்கடைத் தூரத்தில் இருந்தது. உள்ளே இருட்டு. இருட்டிலிருந்து மகன் தலைக்குத் தடவுகிற எண்ணெயின் வாசனை வந்தது.

டொக். டொக். டொக்.

கையை இறக்கினார். மேஜைக்குத் திரும்பி, எல்லாக் கருவிகளும் இந்தப் பிரிவினுடையவை என்று திருத்தமான கையெழுத்தில் எழுதி ஒப்பமிட்டார்.

வெளியே பெஞ்சில் அவர் வயதுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருடைய சட்டையிலும் இஸ்திரி மடிப்பு கலையவில்லை. ஓட்டியவனின் அப்பா.

"உங்க பையன் கை பட்ட வண்டின்னா கண்ணை மூடிட்டு ஏறலாம்னு என் பையன் சொல்வான்," என்றார் அவர்.

மாஸ்டர் தலையசைத்துவிட்டு நடந்தார்.

வீட்டுக்கு வந்தபோது மதியம். நேராகத் தன் பெட்டி அறைக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். சுவரோரம் இரும்புக் கருவிப்பெட்டி. ஸ்பானரை எடுத்த அன்றே பூட்டியது. தொலைபேசி அடித்தது. பேசியவர் பூட்டு. குரல் ஒடுங்கியிருந்தது.

"மாஸ்டர், மூணாவது வரிசையில ஏழாவது காலி."

"யார் எடுத்தது?"

"ஆணியில வில்லை தொங்குது. பாதி உருகியிருக்கு. ஆனா நம்பர் தெரியுது. உங்க பையனோடது." மூச்சு வாங்குவது கேட்டது. "மேடம் இன்னும் பார்க்கல. நான் என்ன பண்ணட்டும்?"

மாஸ்டர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

டொக். டொக். டொக்.

இந்த முறை இரும்புப் பெட்டிக்குள்ளிருந்து.

அவர் கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். தட்டக் கூடாது. தட்டாதவரை உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கும். தன் அப்பாவின் பெயர், தன் பெயர், மகனின் பெயர், மூன்றும் சுத்தமாக இருக்கும்.

மருமகள் வாசற்படியில் வந்து நின்றாள்.

"மாமா, என்ன சத்தம் அது?"

"ஒண்ணுமில்லம்மா. தகரம் விரியுது."

"அவர் தட்டுற மாதிரியே இருக்கு."

"அப்படி இல்லம்மா."

"குளியலறைக் கதவுல இப்படித்தான் தட்டுவார். துண்டு மறந்துட்டேன்னு அர்த்தம். நான் ரெண்டு தட்டிட்டு எடுத்துட்டுப் போவேன்." அவள் சிரிக்க முயன்று விட்டுவிட்டாள். "எத்தனை தடவை தட்டுறார் பாருங்க மாமா. பாவம்."

"வேண்டாம்மா," என்றார் மாஸ்டர்.

அவள் விரலை மடக்கிக் கதவில் இரண்டு முறை தட்டினாள்.

தட்டல் நின்றது.

பெட்டிக்குள், ஸ்பானரை அதன் பள்ளத்தில் வைக்கும்போது கேட்கிற சின்னச் சத்தம் ஒன்று கேட்டது.

பிறகு பெட்டியின் பூட்டு கழன்று தரையில் விழுந்தது. கொண்டி மெதுவாக மேலே எழுந்தது.

சாவி மாஸ்டரின் சட்டைப் பையில் இருந்தது.