தலை நிமிராத கூட்டம்

சாத்தியிருந்த கூட்ட அறைக்குள் துரு வாடை எப்படி வந்தது என்று வசுமதிக்குப் புரியவில்லை. அது ஹூக்ளி ஆற்றுச் சேற்றின் நாற்றமும் அல்ல, ஹவுராப் பட்டறைகளின் புகையும் அல்ல. நெடுநாள் மூடிக் கிடந்த இரும்புத் தொட்டியைத் திறந்ததும் முகத்தில் அடிக்குமே, அந்த ஈரத் துரு வாடை. அவளுடைய லேப்டாப்பின் எழுத்துப் பொத்தான்களுக்கு இடையிலிருந்துதான் அது கசிந்துகொண்டிருந்தது.

மற்றவர்கள் யாரும் மூக்கைச் சுளிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே கால்பைசாகிக் கோடைப்புயல் திரண்டு, பிற்பகலையே இருட்டாக்கியிருந்தது. மேலாளர் தாஸ்குப்தா, பழுது பார்க்க வந்திருந்த கப்பலை எப்போது திருப்பிக் கொடுப்பது என்று வங்காளமும் ஆங்கிலமுமாகப் பேசிக்கொண்டே போனார். மேஜையைச் சுற்றி எல்லோரும் மடியில் செல்போனை மறைத்து வைத்துக்கொண்டு எஸ்.எம்.எஸ். அடித்துக்கொண்டிருந்தார்கள்.

போன மாதக் கூட்டத்தில் அவளும் அப்படித்தான் இருந்தாள். தம்பி மின்னஞ்சலில் அனுப்பிய குழந்தைப் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து நாற்காலியிலிருந்த மேற்பார்வையாளர் சிவலிங்கம் அவள் பக்கம் குனிந்தார். அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் அவர்கள் இருவர் மட்டுமே.

“அடி டேங்க்ல காத்து டெஸ்ட் பண்ணியாச்சுங்களா மேடம்? நான் இறங்கட்டுங்களா?”

கேள்வி காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் “ம்” என்றாள். பணிமனையின் பாதுகாப்பு அதிகாரி அவள்தான். சோதனை நடந்திருக்கவே இல்லை. உள்ளேயிருந்த பிராணவாயுவைத் துரு தின்று தீர்த்திருந்தது. சிவலிங்கத்தின் உடலைக் கயிறு கட்டித்தான் மேலே தூக்கினார்கள்.

கேட்காமலே இறங்கிவிட்டார் என்று விசாரணையில் அவள் சொன்னாள். தூத்துக்குடியிலிருந்து வந்த அவர் மனைவி அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “உங்களப் பத்தித்தான் நல்லவிதமா சொல்லிக்கிட்டே இருப்பாருங்க” என்றாள். அந்தக் கைச்சூடு இன்னும் போகவில்லை.

“மேடம்.”

இன்று காலியாக இருந்த பக்கத்து நாற்காலி லேசாக முனகியது. வசுமதி திரும்பவில்லை. ஈரத் துணி தோளில் உரசியது. வாடை தொண்டைக்குள் இறங்கியது.

“உள்ள காத்தே இல்லீங்க மேடம்.”

அவள் எழுந்து நின்றாள். சிவலிங்கம் தன்னிடம் கேட்டதையும், தான் பார்க்காமலே சரி என்றதையும், விசாரணையில் பொய் சொன்னதையும் எல்லோருக்கும் புரியும்படி ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னாள். கடைசி வார்த்தை அழுகையாக உடைந்தது.

யாரும் தலை நிமிரவில்லை.

தாஸ்குப்தாவின் பேச்சு எப்போதோ நின்றிருந்தது. ஏ.சி.யின் இரைச்சலும் இல்லை. மூச்சை இழுத்தாள். எதுவும் உள்ளே வரவில்லை. இன்னொரு முறை. இல்லை.

எதிரே இருந்த கணக்குப் பிரிவு மதுவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். தோள் சில்லிட்டிருந்தது. முகத்தை நிமிர்த்தினாள். உதடுகள் நீலம். அடுத்தவருக்கும் நீலம். தாஸ்குப்தாவுக்கும்.

ஒரு மார்பும் ஏறி இறங்கவில்லை.

மேஜைக்கடியில், செல்போன்களின் பச்சை வெளிச்சத்தில், கட்டைவிரல்கள் மட்டும் எழுத்துகளை அழுத்திக்கொண்டே இருந்தன.