பானெட் ஓரத்தில் நாலு கீறல்

"எங்க அண்ணன் கார் கழுவுறவரு சார். கொலைகாரர் இல்ல."

துப்பறிவாளரைத் தேடி வந்தவள் உட்காரக்கூட இல்லை. மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். ஞாயிறு காலையில் பேப்பர் போடும் பெரியவரைக் கறுப்புக் கார் ஒன்று இடித்துவிட்டு நிற்காமல் போயிற்று. ஒரு மணி நேரம் துடித்துச் செத்தார். கார், அண்ணன் வேலை பார்க்கும் டாக்டருடையது. பானெட் நசுங்கியிருந்தது, ஆனால் கழுவி, பாலிஷ் போட்டு, கண்ணாடியாக மின்னியது. பாலிஷ் போடுகிறவன் அங்கே ஒருவன்தான். சாவி இருக்குமிடமும் அவனுக்குத் தெரியும். பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள்.

"கேஸ் முடிஞ்சுது அத்தான்," என்று துப்பறிவாளரின் காதைக் கடித்தார் மைத்துனர். அக்காள் புருஷனிடம் உதவியாளராகச் சேர்ந்த ஆறு மாதத்தில் அவர் இப்படி முடித்த கேஸ்கள் ஏராளம். எல்லாமே தப்பு.

டாக்டர் வீட்டு ஷெட்டில் துப்பறிவாளர் காரின் முன்னால் மண்டியிட்டார். பானெட் ஓரத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார்.

"அண்ணன் வேலை செய்யறப்ப என்னம்மா போட்டுப்பார்?"

"நாடா வெச்ச கால்சட்டை, பனியன். வாட்ச், மோதிரம் எல்லாத்தையும் கழட்டி வெச்சுட்டுத்தான் துணியவே தொடுவாரு. பெயின்ட்ல இரும்பு உரசினா அவருக்கு உசிரே போயிடும்."

இன்ஸ்பெக்டரை வரவழைத்து, எல்லாரையும் ஹாலில் உட்காரவைத்தார். டாக்டர், அவர் மனைவி, எலாஸ்டிக் அரைக்கால் சட்டையில் நகம் கடித்தபடி டாக்டரின் தம்பி.

"தம்பிதான் அத்தான். முழியைப் பாருங்க."

"சும்மா இரு," என்றார் துப்பறிவாளர். "நசுங்கினது பானெட் நடுவுல. அங்க எட்டித் தேய்க்கணும்னா ஓரத்துல வயித்தை அழுத்திக் குனியணும். அந்த ஓரத்துல நாலு கீறல். கீறலுக்குள்ள பாலிஷ் காஞ்சு வெள்ளையா நிக்குது. அப்ப, தேய்க்கறப்பவே விழுந்த கீறல். பெல்ட் பக்கிள் உரசியிருக்கு. கார் கழுவுறவருக்குப் பெல்ட்டே கிடையாது. தம்பிக்கு எலாஸ்டிக். டாக்டர், உங்க பெல்ட்டைக் கொஞ்சம் கழட்டுங்க."

டாக்டரின் கை தானாகப் பக்கிளை மூடியது. இன்ஸ்பெக்டர் அந்தக் கையை விலக்கினார். பக்கிளின் செதுக்கல் வேலைப்பாட்டுக்குள் வெள்ளைப் பாலிஷ் காய்ந்து கிடந்தது.

"அவர் ஒரு மணி நேரம் உயிரோட கிடந்திருக்கார்," என்றார் துப்பறிவாளர். "அந்த ஒரு மணி நேரமும் நீங்க வண்டியைத் தேய்ச்சிட்டு இருந்திருக்கீங்க. நீங்க டாக்டர் சார்!"

"இறங்கிப் பார்த்தேன். தேறாத கேஸ்," என்றார் டாக்டர், நோயாளியின் உறவினரிடம் சொல்லும் அதே குரலில். "கார் கழுவுறவன் தனிக்கட்டை. உள்ள போனா யாருக்கு என்ன நஷ்டம்?"

கார் கழுவுறவரின் தங்கை இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தாள்.

டாக்டரை ஜீப்பில் ஏற்றினார்கள். அவர் மனைவி வாசல்வரை வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஷெட்டுப் பக்கம் பார்த்தாள்.

"உங்கண்ணனை இன்னைக்கே விட்டுடுவாங்க இல்ல? நாளைக்கு வரச் சொல்லும்மா. கீறலை எடுக்கணும்."

"ஒத்துக்கச் சொல்லி வலது கையில மூணு விரலை உடைச்சிட்டாங்கம்மா."

"அடடா," என்றாள் அவள். "அப்ப வேற ஆள்தான் பார்க்கணும்."