இரண்டு பேர் உள்ளே, இரண்டு பேர் வெளியே

வெளியே வந்த இரண்டு பேரும் முகமூடியைக் கழற்றவில்லை.

இது ஒரு பெரிய விஷயமா என்று கேட்பவர்கள், மே மாதத்து மதுரையில் மத்தியானம் இரண்டரை மணிக்கு அந்த ரப்பர் முகமூடியை ஒருதடவை மாட்டிப் பார்க்க வேண்டும். எரிகிற கட்டடத்திலிருந்து வெளியே வரும் எவனும் முதலில் செய்கிற காரியம் அதைப் பிய்த்து எறிவதுதான். அடுத்து யாரையாவது ஒரு கெட்ட வார்த்தை சொல்வான். அதற்கப்புறம்தான் தண்ணீர் கேட்பான். இவர்கள் புகைக்குள்ளிருந்து, கல்யாண வீட்டில் பந்தி முடிந்து எழுந்து வருகிறவர்களைப் போல நிதானமாக நடந்து வந்து, எதிர்ச்சாரியில் மூடிக்கிடந்த பாத்திரக் கடையின் படியில் அடுத்தடுத்து உட்கார்ந்து, கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டார்கள்.

நாகஜோதி அதைப் பார்த்தாள். ஹெல்மெட்டில் நம்பர் தெரிந்தது. ஏழு, நான்கு. போர்டில் இரண்டு டிக் அடித்தாள்.

அந்த போர்டு ஒரு தனிக் கதை. நாகஜோதி தீயணைப்பு நிலைய அலுவலராகப் பொறுப்பேற்று மூன்று வாரம்தான் ஆகிறது. பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததை அட்சரம் பிசகாமல் நடத்தியே தீருவது என்று வந்த முதல் நாளே ஒரு வெள்ளை போர்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். உள்ளே போகிறவன் பெயர், போன நேரம், முதுகில் சுமக்கிற காற்று சிலிண்டரில் எம்புட்டு அழுத்தம், திரும்பி வந்தானா, எல்லாம் அதில் ஏறவேண்டும். இருபத்தாறு வருஷ சர்வீஸ் போட்ட முத்திருளன் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஓட்டல் வாசல்ல இன்னைக்கு என்ன ஸ்பெஷல்னு எழுதிப் போடுவாங்கள்ல மேடம், அது மாதிரி இருக்கு" என்றார். அன்றிலிருந்து ஸ்டேஷனில் அதற்கு ஸ்பெஷல் போர்டு என்றே பெயர். முதுகுக்குப் பின்னால் சிரிப்பது அவளுக்குக் கேட்காமல் இல்லை. காது சிவக்கும். போர்டை மட்டும் விடமாட்டாள்.

இன்றைய ஸ்பெஷல் ஏழாம் நம்பர் மெர்வின், நான்காம் நம்பர் தவசி. போன நேரம் இரண்டு பத்து. அழுத்தம் இருநூறு, இருநூறு.

எரிந்துகொண்டிருந்தது சிம்மக்கல் சந்து ஒன்றில் முகேஷ் என்பவரின் மொத்த வியாபாரக் கடை. பேப்பர் தட்டு, பிளாஸ்டிக் கப், கை துடைக்கிற காகிதம். முன்னால் எட்டடிக்கு ஒரு கடை, பின்னால் ரயில் பெட்டி கணக்காக நீண்டு போகும் பழைய வீடு. அதிலிருந்த இரண்டு ஜன்னலையும் அட்டைப் பெட்டி அடுக்கி அடைத்திருந்தார் மனிதர். உருகிய பிளாஸ்டிக்கின் நாற்றம் நாக்கில் வந்து இனிப்பாக ஒட்டியது. கறுப்புப் புகை மேலே போக மனமில்லாமல் சந்துக்குள்ளேயே இறங்கி, எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த பள்ளிக்கூடச் சட்டைகளுக்குள் புகுந்து அவற்றை ஆள் நிற்பதுபோல உப்பவைத்துக்கொண்டிருந்தது.

உள்ளே பேயாண்டி என்ற லோடுமேன் படுத்துத் தூங்குகிறான் என்று நான்கு பேர் சத்தியம் செய்ததால்தான் அந்த இரண்டு பேரையும் அனுப்பினாள். பதினைந்து நிமிஷம் கழித்துப் பார்த்தால், பேயாண்டி கூட்டத்தின் முன்வரிசையில் நின்று தீயை செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

"நான் டீ குடிக்கப் போனேன் மேடம். யாரு என்னையக் கேட்டா?"

அவனை ஒரு அறை விட்டிருக்கலாம். அதற்கு நேரமில்லை. மேலே பழைய மச்சு. மரக்கட்டைகளுக்கு இடையிலிருந்து புகை நூல் நூலாகக் கசிந்தது. அப்படிக் கசிந்தால் கூரை இறங்கப்போகிறது என்று அர்த்தம். வாக்கிடாக்கியில் கூப்பிட்டாள்.

"மெர்வின், உள்ள ஆள் இல்ல. ரெண்டு பேரும் வெளிய வாங்க. உடனே."

"வாரேன் மேடம்."

நம் ஊரில் இந்த 'வாரேன்' ஒரு பெரிய தொல்லை. வருகிறவனும் வாரேன் என்பான், விடைபெற்றுப் போகிறவனும் வாரேன் என்பான், போனை வைக்கிறவனும் வாரேன் என்பான். எந்த இடத்தில் நிற்கிறாய், எத்தனை நிமிஷத்தில் வருவாய் என்று மறுபடி கேட்டிருக்க வேண்டும். பயிற்சியில் அதைத்தான் அடித்து அடித்துச் சொன்னார்கள். கேட்க வாயெடுத்தபோது கவுன்சிலருக்குச் சொந்தக்காரர் என்று ஒருவர் காதருகே போனை நீட்டினார். "தண்ணிய மேல அடிக்கச் சொல்லுங்க" என்றது ஒரு மாடி. "கீழ அடிங்கம்மா" என்றது எதிர்மாடி. எல்லாரையும் விலக்கிவிட்டுத் திரும்பினால் வாசலில் இரண்டு பேர். முகமூடியைக் கழற்றி, பெயரைச் சொன்ன பிறகுதான் டிக் அடிக்க வேண்டும் என்பது விதி. விதியைச் சொன்னவளே அடித்துவிட்டாள்.

போதாததற்கு முகேஷ், பக்கத்துத் தெருவில் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்த சின்ன பொக்லைனை எப்படியோ சந்துக்குள் ஓட்டிவரச் செய்திருந்தார். பக்கச் சுவரை உடைத்தால் பின்கட்டில் இருக்கிற சரக்கின்மேல் நேராகத் தண்ணீர் அடிக்கலாம். யோசனை சரிதான். அதை முகேஷ் சொன்னதுதான் எரிச்சல். சுவரில் கை வைத்தால் மச்சும் சேர்ந்து வரும். உள்ளேதான் ஆள் இல்லையே.

"உடைக்கலாம்ணே" என்றாள் முத்திருளனிடம். "நம்ம ஆளுக வந்தாச்சு."

முத்திருளன் டிரைவருக்குக் கையைக் காட்டப் போனார். பொக்லைன் இருமிவிட்டு உறுமியது.

அப்போதுதான் அவள் இடுப்பில் வாக்கிடாக்கி கரகரத்தது.

"வாரோம் மேடம்... வழி தெரியல... தவசியண்ணன் என் காலப் பிடிச்சிருக்காரு... வாரோம்..."

மெர்வினின் குரல். நாகஜோதி படியைப் பார்த்தாள். ஏழாம் நம்பர் ஹெல்மெட் அங்கேதான் உட்கார்ந்திருந்தது. அதன் மார்பில் வாக்கிடாக்கி தொங்கியது. கைகள் முழங்கால்மேல். யாரும் அதை அழுத்திப் பேசவில்லை.

பக்கத்து ஸ்டேஷன் ஆளாக இருக்கும். அலைவரிசை கலந்திருக்கும். அப்படித்தான் நினைத்தாள். நினைக்கும்போதே குரலுக்குப் பின்னால் இன்னொரு சத்தம் வந்தது. மெல்லிய, நீண்ட விசில். சிலிண்டரில் காற்று தீரப்போகும்போது அதுவாகவே ஊதுகிற விசில். உள்ளே போய் இருபத்தெட்டு நிமிஷம். சரியாக இப்போதுதான் ஊதவேண்டும்.

படியில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரிடமிருந்து எந்த விசிலும் வரவில்லை.

சந்தைக் கடந்து அவர்கள் முன்னால் போய் நின்றாள். தீயிலிருந்து வந்தவன் பக்கத்தில் நின்றால் இட்லிக் கொப்பரையைத் திறந்த மாதிரி சூடு அடிக்கும். இங்கே குளிர்ந்தது. உடுப்பில் ஒரு சொட்டு ஈரம் இல்லை, வேர்வை நாற்றம் இல்லை. முகமூடிக்குள் மூச்சு போய்வரும் அந்த உஸ், உஸ் சத்தமும் இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் முகம் தெரியவில்லை. புகை அடைத்திருந்தது. கண்ணாடிக்கு உள்பக்கம்.

தோளில் தொங்கிய அழுத்த மீட்டரைக் கையில் எடுத்துத் திருப்பினாள்.

இருநூறு.

அடுத்தவனுடையது.

இருநூறு.

இருபத்தெட்டு நிமிஷத்தில் இவர்கள் ஒரு மூச்சுகூட விடவில்லை.

"அண்ணே!" என்று கத்தினாள். "நிறுத்துங்கண்ணே! நம்ம ஆளுக உள்ள இருக்காங்க!"

முத்திருளன் திரும்பிப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். சின்னப் பிள்ளைக்கு விளங்கவைக்கிற மாதிரிச் சொன்னார்.

"மேடம், ரெண்டு பேரும் உங்க முன்னாடிதான உக்காந்திருக்காங்ய."

"இவங்க இல்லண்ணே!"

"பிறகு யாரு? மாமனா மச்சானா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவள் ஓடினாள். இரண்டு கைகளையும் தலைக்குமேல் ஆட்டிக்கொண்டு பொக்லைனை நோக்கி ஓடினாள். எஞ்சின் இரைச்சலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. டிரைவர் பார்த்துவிட்டான். லிவரிலிருந்து கையை எடுத்தான். வாளி அந்தரத்தில் நின்றது.

நின்றுவிட்டது. அவள் கைகளை இறக்கினாள்.

டிரைவர் அவள் தலைக்குமேலாகப் பார்த்தான். கண்ணைச் சுருக்கினான். தலையை ஆட்டினான்.

அவள் திரும்பினாள். படியில் ஏழாம் நம்பர் எழுந்து நின்றிருந்தது. கையை உயர்த்தி, வா, வா, அடி என்று விரல்களை அசைத்தது.

வாளி இறங்கியது.

சுவர் விழுந்தது. சுவரோடு மச்சு. மச்சோடு மேல்மாடி. சந்து முழுக்கச் சுண்ணாம்புத் தூசி. ஒன்றும் தெரியவில்லை. வாக்கிடாக்கியில் மெர்வினின் குரல் "மே" என்றது. அவ்வளவுதான். விசில் மட்டும் ஊதிக்கொண்டிருந்தது. மெலிந்தது. இன்னும் மெலிந்தது.

நின்றது.

தூசிக்குள்ளே, அவளுக்குப் பின்னால், ஒரு சத்தம்.

உஸ்.

முதல் மூச்சு.

உஸ். உஸ். இரண்டு பேரும். பிறந்த பிள்ளையைப் போல அவசர அவசரமாக இழுத்தார்கள். அவள் தூசிக்குள் தடவிப் போய் மீட்டரைப் பார்த்தாள், முள் அசைந்தது. நூற்றுத் தொண்ணூறு. நூற்றெண்பது. பிறகு வாரை அவிழ்த்து முகமூடியைக் கழற்றினார்கள். மெர்வின் முகம். தவசி முகம். தலை வாரினது கலையவில்லை. மூக்கு நுனியில்கூடக் கரி இல்லை.

"தண்ணி இருக்கா மேடம்?" என்றது மெர்வினின் வாய்.

கூட்டம் கைதட்டியது. பேயாண்டி அதையும் படம் பிடித்தான்.

"ஏன்டா மாப்ள, ஊமைக் கோட்டான் மாதிரி உக்காந்து மேடத்தப் பயமுறுத்திட்டீங்களேடா" என்றார் முத்திருளன்.

"தோண்டுங்கண்ணே." அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "கெஞ்சிக் கேக்குறேன். உள்ள இருக்காங்க. உயிர் இருக்கும். தோண்டச் சொல்லுங்க."

"யாரு மேடம் இருக்கா?"

"மெர்வினும் தவசியும்!"

முத்திருளன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். கீழே கிடந்த போர்டை எடுத்து, தூசியைப் புறங்கையால் துடைத்து, அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். அவளுடைய கையெழுத்து. அவளுடைய இரண்டு டிக்.

"உங்க போர்டுதான மேடம் சொல்லுது. ரெண்டு பேரு போனாங்க, ரெண்டு பேரு வந்துட்டாங்க."

மூன்று வாரத்தில் முதல்தடவையாக அவர் அந்த போர்டை நம்பினார்.

நாகஜோதி இடிபாட்டின்மேல் ஏறி வெறுங்கையால் செங்கல்லைப் பிடுங்கினாள். கல் சுட்டது. கை கொப்பளித்தது. இரண்டு போலீஸ்காரர்கள் வந்து அக்கறையோடு கையைப் பிடித்து இறக்கினார்கள். வெயில்ம்மா, என்றார் ஒருவர். நிழலில் உட்காருங்க.

உடைத்த பக்கமாகப் புதிதாகத் தண்ணீர் அடிக்க வேண்டும். மெர்வினும் தவசியும் கொண்டுபோன ஹோஸ், புகையில் வழி தவறினால் பிடித்துக்கொண்டே திரும்பி வரவேண்டிய ஹோஸ், முன்வாசல் வழியாக உள்ளே போய், இடிபாட்டுக்கு அடியில் கிடந்தது. பம்பை நிறுத்திவிட்டு அந்த இரண்டு பேருமே அதை வெளியே இழுத்தார்கள். வரவில்லை. காலை ஊன்றி இழுத்தார்கள். ஒரு முழம் வந்தது.

உள்ளேயிருந்து ஒரு முழம் திரும்பப் போனது.

"செங்கல்ல மாட்டிக்கிச்சுடா" என்றார் முத்திருளன். "அது கிடக்கட்டும். ஹோஸ் மூட்டக் கழட்டி விடுங்க."

மெர்வினின் கை, ஹோஸின் மூட்டைத் திருகிக் கழற்றியது. பித்தளை முனை தெருவில் டங்கென்று விழுந்து உருண்டது. எல்லாரும் பொக்லைன் பக்கம் போனார்கள். அந்த இரண்டு பேர் மட்டும் போகாமல் நின்று, கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பித்தளை முனை அசைந்தது. கல்லில் உரசியபடி ஒரு முழம் உள்ளே போனது. நின்றது. இன்னொரு முழம் போனது. நின்றது. மறுமுனையில் யாரோ கைமாற்றிக் கைமாற்றி, பொறுமையாக, வெளியே வருகிற வழி இதுதான் என்று நம்பி, அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.