ஆறு மூட்டைகளும் ஒரு நோட்டீஸும்

மூன்று பந்துகளும் ஒரே மூச்சில் மேலே ஏற வேண்டும். அதுதான் டாக்டர் கொடுத்திருந்த வீட்டு வேலை.

சில்வண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, மூன்று பந்துகள் போட்ட மூச்சுப் பயிற்சிக் கருவியின் பிளாஸ்டிக் குழாயை வாயில் வைத்து மூச்சை உள்ளே இழுத்தாள். முதல் பந்து துள்ளி ஏறியது. இரண்டாவதும் ஏறியது. மூன்றாவது மட்டும் சோம்பேறி மாதிரி கீழேயே படுத்திருந்தது.

அவளுக்குப் பத்து வயது. பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது என்பதால் வீட்டில் வைத்த பட்டப்பெயர் சில்வண்டு. இரண்டு மாதத்துக்கு முன் நிமோனியா வந்து நுரையீரலில் சளி கட்டிக்கொண்டபோது, அந்தச் சில்வண்டே வாயை மூடிக்கொண்டது. இருபத்தாறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதில் நான்கு நாள் அவளுக்கு நினைவே இல்லை. அந்த நான்கு நாளைப் பற்றிக் கேட்டால் அம்மா உடனே பேச்சை மாற்றிவிடுவார்.

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டாள். வீடு இரண்டாவது மாடியில் இருந்தது. அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள லிஃப்டை எல்லாம் சரிசெய்கிற அப்பா, லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் குடியிருந்தார். அம்மா வீட்டிலேயே பள்ளிக்கூடப் பைகள் தைத்தார். வீட்டில் பாதி இடம் மனிதர்களுக்கு, பாதி இடம் பைகளுக்கு.

வெளியே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், அவளுடைய உலகம் அந்த ஜன்னல்தான். தெருவுக்கு எதிர்ப்பக்கம் ஒரு செருப்புக்கடை. அதை மூடி ஒரு வருடம் ஆகிறது. கடை வாசலில் நீட்டியிருந்த தகரக் கூரைக்கு அடியில் ஒரு குடும்பம் இருந்தது. அந்தக் குடும்பத்தின் அப்பா பெயிண்டர். அவர்கள் வாடகைக்கு இருந்த பழைய கட்டடத்தை இடித்துவிட்டார்கள். வேறு இடம் கிடைக்காமல் அங்கே வந்து சேர்ந்தவர்கள். அவர்களுக்கு நான்கு வயதில் ஒரு குட்டிப் பெண்.

அந்தக் குட்டிக்குச் சில்வண்டின் பந்துகள் ரொம்பப் பிடித்துவிட்டன. முதல் பந்து ஏறினால் அங்கிருந்து ஒரு விரலைக் காட்டுவாள். இரண்டாவது ஏறினால் இரண்டு விரல். கூடவே படபடவென்று கைதட்டுவாள். அவள் பெயர் தெரியாததால் சில்வண்டு அவளுக்குக் 'கைதட்டி' என்று பெயர் வைத்தாள்.

ஒரு வியாழக்கிழமை காலை அது நடந்தது. மூன்றாவது பந்து ஆடி அசைந்து மேலே போய், டக்கென்று உச்சியில் முட்டியது!

சில்வண்டு குழாயைத் தூக்கிக் காட்டினாள். எதிரே கைதட்டல் இல்லை.

கைதட்டி அம்மாவின் மடியில் சுருண்டு கிடந்தாள். வாய் திறந்திருந்தது. தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின.

"அம்மா, கைதட்டிக்கு என்னமோ சரியில்ல."

அம்மா தையல் மெஷினில் இருந்து தலையைத் தூக்கவில்லை. "சளியா இருக்கும்டி. மழைக்காலம்ல."

"எனக்கும் முதல்ல சளின்னுதானே சொன்னீங்க?"

மெஷின் நின்றது.

இரண்டு நிமிடத்தில் இருவரும் தெருவைக் கடந்தார்கள். சில்வண்டின் முகத்தில் பெரிய முகக்கவசம். அதற்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன.

"அக்கா, நான் எதிர்ல இருக்கேன். பந்து ஏத்துற பொண்ணு."

"தெரியும் கண்ணு," என்றார் கைதட்டியின் அம்மா. "இவளுக்கு ரெண்டு நாளா ஜுரம். மருந்துக்கடையில டானிக் வாங்கிக் கொடுத்தேன். கேக்கல."

சில்வண்டு அம்மாவின் போனை வாங்கிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் படுக்கை படுக்கையாகப் போய்க் குழந்தைகளின் வயிற்றையே பார்த்துக்கொண்டு நிற்பார். என்ன எண்ணுகிறீர்கள் என்று கேட்டுக் கேட்டு, அவரிடம் இருந்து இவள் கற்றுக்கொண்டாள். வயிறு ஒரு தடவை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. இவ்வளவு சின்னக் குழந்தைக்கு ஒரு நிமிடத்தில் நாற்பதைத் தாண்டினால் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது.

அவள் எண்ணினாள். ஒரு நிமிடம் முடிந்தது.

"ஐம்பத்திரண்டு," என்றாள். "விலா எலும்புக்குக் கீழ குழி விழுது பாருங்கம்மா. எனக்கும் இப்படித்தானே விழுந்துச்சு?"

அம்மா பார்த்தார். அந்த நான்கு நாள் அவர் முகத்தில் வந்து போனது.

"இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க," என்றார் அம்மா. "மதியம் இவளுக்கு செக்கப் இருக்கு. வண்டியை இப்பவே வரச் சொல்றேன். சேர்ந்து போயிடலாம்."

கைதட்டியின் அம்மா எழுந்தார். பின்னால் திரும்பிப் பார்த்தார். மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்.

"அவர் வேலைக்குப் போயிருக்கார். சாயங்காலம் வந்துடுவார். வந்ததும் போறோம்."

"சாயங்காலம் வரைக்கும் எதுக்கு அக்கா?"

அவர் சுவரோரம் கையைக் காட்டினார். அங்கே ஆறு மூட்டைகள் இருந்தன. துணி, பாத்திரம், அடுப்பு, போர்வை, பெயிண்ட் பிரஷ்கள், தகரப் பெட்டியோடு சேர்த்துக் கட்டிய காகிதங்கள்.

"போன தடவை அரை நாள் விட்டுட்டுப் போனோம். வந்து பார்த்தா ஒரு குடம்தான் இருந்துச்சு. குப்பைன்னு நினைச்சு லாரியில அள்ளிட்டுப் போயிட்டாங்க. இதையும் விட்டா எங்ககிட்ட எதுவுமே இல்ல கண்ணு."

சில்வண்டு மூட்டைகளைப் பார்த்தாள். தங்கள் வீட்டை நினைத்துப் பார்த்தாள். அங்கே இன்னொரு பை வைக்கக்கூட இடமில்லை. ஆனால் கட்டடத்தில் இடம் இருந்தது. படிக்கட்டுக்கு அடியில், கம்பிக் கதவு போட்டுப் பூட்டிய இடம். சாவி நோட்டீஸ் மாமாவிடம் இருந்தது.

நோட்டீஸ் மாமா தரைத்தளத்தில் குடியிருந்தார். கட்டடத்தைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு அவருடையது. அதை நோட்டீஸ் எழுதியே கவனித்துக்கொண்டார். 'படியில் ஓடாதீர்.' 'படியில் உட்காராதீர்.' 'படியில் நின்று பேசாதீர்.' அப்படியென்றால் படியை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது என்று அப்பா கேட்பார்.

சில்வண்டு கதவைத் தட்டினாள்.

"மாமா, படிக்கு அடியில இருக்குற இடத்தைத் திறக்கணும். ஆறு மூட்டை வைக்கணும்."

மாமா சுவரைக் காட்டினார். 'படிக்கு அடியில் எந்தப் பொருளும் வைக்கக் கூடாது. இப்படிக்கு, நிர்வாகம்.'

"நிர்வாகம் யாரு மாமா?"

"நான்தான்."

"நல்லதாப் போச்சு. நிர்வாகத்துக்கிட்டதான் கேக்க வந்தேன்."

மாமாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் அதை அடக்கிக்கொண்டார். "விளையாடாதே. ஒருத்தருக்குத் திறந்தா எல்லாரும் வருவாங்க. ஏதாவது காணாமப் போனா யார் பதில் சொல்றது?"

சில்வண்டுக்கு மூச்சு வாங்கியது. ஒரு கணம் நின்று, நன்றாக மூச்சை இழுத்துக்கொண்டு பேசினாள்.

"நான் ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னிக்கு எனக்காக ஒண்ணு எழுதி ஒட்டினீங்களே, ஞாபகம் இருக்கா மாமா?"

"இல்லாம என்ன? 'குழந்தை உறங்குகிறாள். செருப்பைக் கையில் எடுத்துச் செல்லவும்.'"

"எல்லாரும் கையில எடுத்துக்கிட்டுத்தானே போனாங்க?"

"பின்ன?" மாமா நிமிர்ந்து நின்றார். "என் நோட்டீஸை மீறிடுவாங்களா?"

"அதான் சொல்றேன். பூட்டைவிட உங்க நோட்டீஸ்தான் பத்திரம். ஒண்ணும் காணாமப் போகாது. கைதட்டிக்கு மூச்சே விட முடியல மாமா. எனக்கு எழுதின மாதிரி அவளுக்கும் ஒண்ணு எழுதுங்களேன்."

மாமா வாசலுக்கு வந்து எதிரே பார்த்தார். தாயின் தோளில் தலை சாய்ந்து கிடந்த குழந்தையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சட்டைப் பையில் இருந்து பேனாவை எடுத்தார்.

"எத்தனை மூட்டைன்னு சொன்ன?"

"ஆறு."

"சரியாச் சொல்லு. நோட்டீஸ்ல எண்ணிக்கை தப்பக் கூடாது."

மூட்டைகள் ஒவ்வொன்றாகத் தெருவைக் கடந்தன. மாமாவே பெரிய மூட்டையைத் தூக்கி வந்தார். கம்பிக் கதவைப் பூட்டி, அதன்மேல் நோட்டீஸை ஒட்டினார்.

'இங்கே உள்ள ஆறு மூட்டைகளும் எதிர்வீட்டுப் பெயிண்டர் குடும்பத்தாருடையவை. குழந்தையை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றிருக்கிறார்கள். திரும்பி வரும்வரை யாரும் தொட வேண்டாம். இப்படிக்கு, நிர்வாகம்.'

கைதட்டியின் அம்மா எழுத்துக் கூட்டிப் படித்தார். ஒரு வார்த்தையில் நின்றுவிட்டார்.

"எதிர்வீடுன்னு போட்டிருக்கீங்களே..."

"எதிர்லதானே இருக்கீங்க? வேற எப்படி எழுதுறது?" என்றார் மாமா. "கிளம்புங்கம்மா, வண்டி வந்துடுச்சு. உங்க வீட்டுக்காரர் வந்தா நான் பார்த்துக்கிறேன்."

ஆஸ்பத்திரியின் சந்துபொந்தெல்லாம் சில்வண்டுக்குத் தெரியும். "பெரிய வரிசையில நிக்காதீங்க அக்கா. மூச்சு வாங்குற குழந்தைக்கு இடது பக்கம் தனிக் கதவு இருக்கு," என்று முன்னால் நடந்தாள்.

அங்கே உட்கார்ந்திருந்தவர் படிவத்தை எடுத்தார். "பேரு, வயசு சொல்லுங்க. விலாசம்? போன் நம்பர்?"

கைதட்டியின் அம்மா குழந்தையை இறுக அணைத்துக்கொண்டார். மெதுவாக ஓர் அடி பின்னால் வைத்தார்.

"எங்க நம்பரைப் போடுங்க," என்றாள் சில்வண்டு. "எங்க ஜன்னல்ல இருந்து கூப்பிட்டா அவங்களுக்குக் கேக்கும். விலாசத்துக்கு, எங்க வீட்டுக்கு எதிர்லன்னு எழுதிக்குங்க."

அவர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். முகக்கவசத்துக்கு மேலே இருந்த இரண்டு கண்களும் அசையவில்லை. அவர் எழுதிக்கொண்டார்.

கால் மணி நேரத்தில் கைதட்டியின் மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் வந்துவிட்டது. சில்வண்டுக்குத் தெரிந்த அதே நர்ஸ்தான் அங்கே இருந்தார். இவளும் மூச்சை எண்ணினாள் என்று அம்மா அவரிடம் சொன்னார்.

"நாங்க எண்ணினப்போ ஐம்பத்தி ஒண்ணு. நீ எவ்வளவு எண்ணின?"

"ஐம்பத்திரண்டு."

"பரவாயில்லையே, என் வேலைக்கே வேட்டு வெச்சிடுவ போல," என்றார் நர்ஸ். பிறகு குனிந்து, "சரியான நேரத்துல கூட்டிட்டு வந்த," என்றார்.

சாயங்காலம் சில்வண்டும் அம்மாவும் வீடு திரும்பியபோது, மூடிய செருப்புக்கடை வாசலில் நாற்காலி போட்டு நோட்டீஸ் மாமா உட்கார்ந்திருந்தார். ஷட்டரில் 'பெயிண்டர் அவர்களின் கவனத்திற்கு' என்று ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது.

"நோட்டீஸ்தான் ஒட்டிட்டீங்களே மாமா, அப்புறம் எதுக்கு உட்கார்ந்திருக்கீங்க?"

"தூறல் போட்டா எழுத்து அழிஞ்சிடும்ல?" என்றார் மாமா. "பெயிண்டர் இப்பத்தான் வந்தார். விஷயத்தைச் சொல்லி நேரா ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டேன்."

கைதட்டி எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஒன்பதாம் நாள், பெயிண்டரின் தோளில் உட்கார்ந்துகொண்டு, தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் கையை ஆட்டியபடி வந்து சேர்ந்தாள். குளிர்க்காற்று படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

அதைக் கேட்டதும் எல்லோரும் தகரக் கூரையைப் பார்த்தார்கள்.

சில்வண்டு நேராகப் போய் மாமாவின் கதவைத் தட்டினாள்.

"மாமா, நீங்க எப்பவும் 'கூடாது, கூடாது'ன்னே எழுதுறீங்க. ஒரு தடவை 'தேவை'ன்னு எழுதிப் பாருங்களேன்."

"என்ன தேவை?"

"அறை."

அன்று மாமா பன்னிரண்டு நோட்டீஸ் எழுதினார். 'நல்ல குடும்பத்துக்கு ஓர் அறை தேவை. பெயிண்டர், அவர் மனைவி, கைதட்டும் ஒரு குழந்தை. விசாரிக்க: நிர்வாகம்.' அறை கிடைக்கும்வரை அவர்களைத் தன் வீட்டு முன்னறையிலேயே படுக்கச் சொல்லிவிட்டார். அப்பா வேலைக்குப் போகிற கட்டடங்களில் எல்லாம் லிஃப்ட் பக்கத்தில் ஒன்று ஒட்டினார். லிஃப்டுக்குக் காத்திருப்பவர்களுக்கு வேறு என்ன வேலை, படித்துத்தானே ஆக வேண்டும்! அம்மா, தைத்த பைகளைக் கொண்டுபோய்க் கொடுக்கும் கடையில் ஒன்று ஒட்டினார்.

நான்காம் நாள் பின்தெருவில் சலவைக்கடை வைத்திருக்கும் அம்மா ஒருவர் வந்தார். கடைக்கு மேலே ஓர் அறை சும்மா கிடக்கிறதாம். சுவரெல்லாம் பொரிந்துபோனதால் யாருமே வரவில்லையாம்.

"சுவரை நான் பார்த்துக்கிறேன்மா," என்றார் பெயிண்டர்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஆளுக்கொரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சுவர்கள் வெளிர்மஞ்சளில் பளபளத்தன. பெயிண்ட் காய்ந்து வாசனையும் போயிருந்தது. சில்வண்டு உள்ளே கால் வைக்கப் போனாள். கைதட்டி குறுக்கே வந்து நின்றாள்.

"எல்லாரும் வெளிய போங்க!"

"ஏய், என்னடி இது? அக்காவைப் போய்!" என்றார் அவள் அம்மா.

"நீயும் போ. அப்பாவும் போங்க."

மூட்டைகளோடு எல்லோரும் வெளியே நின்றார்கள். கதவு படாரென்று சாத்திக்கொண்டது. உள்ளே இருந்து குரல் வந்தது.

"இப்பத் தட்டுங்க!"

சில்வண்டு தட்டினாள்.

"யாரு?"

"நாங்கதான்!"

உள்ளே குட்டிக் காலடிச் சத்தம் கேட்டது. பிறகு கதவு அகலமாகத் திறந்தது. கைதட்டி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"சரி," என்றாள். "எங்க வீட்டுக்கு வாங்க."