ஆறாம் நம்பர் படுக்கை

விமானத்தின் வால்பக்கம், கடைசிக் கழிவறையை ஒட்டி ஒரு குறுகிய கதவு இருக்கிறது. துடைப்பம் வைக்கிற அலமாரி என்று பயணிகள் நினைத்துக்கொள்வார்கள். திறந்தால் செங்குத்தாக ஆறேழு படிகள். ஏறினால் ஜன்னலே இல்லாத ஒரு தாழ்வான மாடம். நிமிர்ந்தால் தலை இடிக்கும். எட்டுப் படுக்கைகள், எட்டுத் திரைகள். பதினான்கு மணி நேரப் பயணத்தில் பணிப்பெண்களுக்கு முறை வைத்து நான்கு மணி நேரம் அங்கேதான் தூக்கம்.

தூக்கம் என்பது மற்றவர்களுக்கு. ஆந்தைக்கு இல்லை.

அந்தப் பெயரை வைத்ததே உடன் வேலை பார்ப்பவர்கள்தான். அவளும் காதில் பஞ்சு வைத்துப் பார்த்தாள், கண்ணுக்குக் கறுப்புப் பட்டை கட்டினாள், காப்பியை நிறுத்தினாள், ஆயிரத்திலிருந்து பின்னோக்கி எண்ணினாள். பூஜ்யம் வந்தது, தூக்கம் வரவில்லை.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வாள். பட்டுவைத்தான் பொறுக்க முடியவில்லை.

பட்டு அவளுக்கு ஒரு வருஷம் மூத்தவள். ஓரத்தில் இருக்கும் ஆறாம் நம்பரை யாருக்கும் விடமாட்டாள். திரையை இழுத்தால் நான்கு மணி நேரம் சத்தமே இருக்காது. இறங்கி வரும்போது முகம் இஸ்திரி போட்ட மாதிரி இருக்கும். முதல் வகுப்பைக் கவனிக்கும் பொறுப்பு அந்த முகத்துக்குத்தான் போனது. மூன்று வருஷமாக அதற்குக் காத்திருந்த ஆந்தைக்கு, பட்டு கொட்டாவி விட்டால்கூட வயிறு எரிந்தது.

"அக்கா, இன்னிக்கு ஒரு நாள் ஆறாம் நம்பரை எனக்குக் குடுங்களேன். உங்க குப்பை வண்டியை நானே தள்ளுறேன்."

"வேணாம்டி."

"காலை டிபன் ரவுண்டும் சேர்த்து."

"வேணாம்னா விடேன்."

"என்னோட அடுத்த மாச லீவு நாலு நாளையும் நீங்களே வெச்சுக்கோங்க."

"வேணாம்." பட்டு அவளை உற்றுப் பார்த்தாள். "என் தூக்கத்து மேல அவ்வளவு பொறாமையா?"

"ஆமா. போதுமா?"

"அப்போ எடுத்துக்கோ. எனக்கு எதுவும் வேணாம். படுத்ததும் 'இனிமே இது என்னோடது'ன்னு வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்லிடு. அவ்வளவுதான்."

பேரம் பேசத் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் துணியை உதறிப் பார்த்திருப்பார்கள். அதுவரை முரண்டு பிடித்த கடைக்காரன் சட்டென்று சும்மாவே தூக்கிக் கொடுக்கிறான் என்றால், எங்கோ கிழிசல் இருக்கிறது. ஆந்தைக்கு இருந்த குஷியில் உதறிப் பார்க்கத் தோன்றவில்லை.

படுத்தாள். போர்வைக்கு மேல் பெல்ட் மாட்ட வேண்டும் என்பது விதி. மாட்டினாள்.

டக்.

படுக்கை வெதுவெதுப்பாக இருந்தது.

அன்று அவளுக்கு முன் அதில் யாரும் படுக்கவில்லை.

நனைந்த கம்பளி வாசனை லேசாக வந்தது. "இனிமே இது என்னோடது," என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். எஞ்சின் இரைச்சலுக்கு அடியில் ஒரு மூச்சு கேட்டது. நீளமாக, நிதானமாக. பக்கத்துப் படுக்கைக்காரி என்று நினைத்தாள்.

அந்தப் பக்கம் விமானத்தின் சுவர்தான்.

எழப்போனாள். இமைகளின் மேல் ஓர் உள்ளங்கை பதிந்தது.

தூங்கிப்போனாள்.

இறங்கி வந்தபோது, "யாருப்பா இது, நம்ம ஆந்தையா?" என்றார் தலைமைப் பணியாளர். அடுத்த பயணத்தில் முதல் வகுப்பு அவளுக்கு. உள்ளங்கையைக் கனவுக் கணக்கில் தள்ளிவிட்டாள்.

அவள் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். தலை சாய்ந்தால் குறட்டை. அதன் மேலும் அவளுக்கு ஒரு பொறாமை உண்டு. மறுநாள் மத்தியானம் அவள் சுகமாகத் தூங்கி எழுந்தபோது, அவர் சிவந்த கண்ணோடு கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"ஏன் அப்படித் தள்ளுறே? மூணு தடவை கட்டில்லேர்ந்து விழுந்தேன்."

"நான் எங்க தள்ளினேன்?"

அவர் முதுகைத் தடவிக்கொண்டார். "முதுகுல காலை வெச்சுத்தான் தள்ளுது. ஆனா உன் ரெண்டு காலும் போர்வைக்குள்ளதான் இருந்துது."

நான்கு நாள் அவர் கண் மூடவில்லை. படுத்தால் கீழே, எழுந்தால் கூடம். ஐந்தாம் நாள், பஸ் நிறைய ஆட்களோடு ஒரு விளக்குக் கம்பத்தை உரசிவிட்டு வந்தார். அவர் படுக்கும் பக்கத்தை ஆந்தை முகர்ந்து பார்த்தாள்.

நனைந்த கம்பளி.

அடுத்த பயணத்தில் அந்தக் குறுகிய கதவருகே பட்டுவை மடக்கினாள்.

"அக்கா, திருப்பி எடுத்துக்கோங்க. என்ன கேட்டாலும் தர்றேன்."

"என் வீட்டுக்காரர் ஏன் என்னை விட்டுப் போனார்னு எல்லாரும் கூடிக் கூடிப் பேசினீங்களே," பட்டு கிசுகிசுத்தாள். "நம்ம பக்கத்துல வேற யாராவது படுத்தா அதுக்குப் பிடிக்காதுடி. உன்னைவிடப் பொறாமை அதுக்கு."

"உங்களை மட்டும் எப்படி விட்டுச்சு?"

"நம்ம இடத்து மேல ஒருத்தி வயிறெரிஞ்சு, 'என்னோடது'ன்னு வாய்விட்டுச் சொல்லணும். அஞ்சு வருஷம் காத்திருந்தேன். உனக்கு மூணு தடவை வேணாம்னு சொன்னேனா இல்லையா?"

அன்று ஆந்தை படியேறவில்லை. பதினான்கு மணி நேரமும் நின்றபடியே வந்தாள். வீட்டுக்குப் போனதும் கணவரைக் கட்டிலில் படுக்க வைத்து, கதவைச் சாத்தி, கூடத்து வெறுந்தரையில் தனியாகச் சாய்ந்தாள். உள்ளே, பல நாள் கழித்து, அந்தப் பழைய குறட்டை. பொறாமைப்படத் தோன்றவில்லை; கண்ணில் நீர் முட்டியது.

குறட்டை நின்றது. "தரையில என்ன பண்றே?" அரைத்தூக்கத்தில் அவர் குரல். "நீயும் இங்க வாயேன்."

வரேன் என்று சொல்ல வாயெடுத்தாள்.

தரை வெதுவெதுப்பாக இருந்தது. இடுப்புக்கு மேல் ஏதோ இறுகியது.

டக்.