இடுப்புக் கோடரி

வீட்டை விட்டுக் கிளம்பும்போது மூச்சுப்பை இருக்கிறதா, கதவு திறக்கும் சில்லு இருக்கிறதா, கோடரி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்வது புதுக்கொற்கைவாசிகளின் பழக்கம். கோடரியை மறந்துவிட்டு வேலைக்கு வந்தவரைப் பார்த்து மற்றவர்கள் நமுட்டுச் சிரிப்புச் சிரிப்பார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு நெகிழிக் கோடரி. கோயிலுக்குப் போனால் மட்டும் அதைக் கழற்றி வாசலில் செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட வேண்டும்.

நிலவின் தென்முனையில், மண்ணுக்கடியில் குடைந்த சுரங்கத் தெருக்கள்தாம் புதுக்கொற்கை. தெருவுக்குத் தெரு ஒரு காப்புக்கதவு. எங்காவது காற்று கசிந்தால் கதவு தானாக இறங்கி மூடிக்கொள்ளும். மற்றத் தெருக்கள் பிழைத்துக்கொள்ளும். உள்ளே அகப்பட்டவர் வெளியேற வேண்டுமானால் கதவின் இரண்டு பக்கமும் உள்ள தாழ்களை ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். பதற்றத்தில் யாரோ ஒருவர் கதவைத் திறந்து ஊர் முழுவதையும் மூச்சுத் திணற வைத்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது.

அந்தப் பக்கம் ஆள் இல்லாவிட்டால்? அதற்குத்தான் கோடரி. கதவின் நடுவில் ஒரு கை நுழையும் அளவுக்கு உடைபலகை ஒன்று பதித்திருப்பார்கள். அதை உடைத்து, கையை உள்ளே விட்டு, மறுபக்கத் தாழையும் சேர்த்து இழுத்துவிடலாம். ஊரை உண்டாக்கியவர்கள் ஆளுக்கொரு கோடரி என்று சட்டம் போட்டது இதனால்தான்.

ஆனால் கதவு இறங்கி வெகுகாலம் ஆகிவிட்டது. கடைசியாக இறங்கியபோது செத்துப்போனவர்களின் பெயர்கூட ஊருக்கு மறந்துவிட்டது. இடுப்பில் தொங்கும் பொருளுக்கு ஏதாவது ஒரு வேலை வேண்டும் அல்லவா? கொஞ்சம் கொஞ்சமாகக் கோடரி தற்காப்புப் பொருளாகிவிட்டது. யாரிடமிருந்து தற்காப்பு என்று கேட்டால், கோடரி வைத்திருக்கும் மற்றவர்களிடமிருந்து என்று ஊரார் முகத்தைச் சுளிக்காமல் சொல்வார்கள்.

மரகதவல்லி பாசிப்பண்ணையில் மேற்பார்வையாளர். நாற்பதைத் தாண்டியவள், தனியாக வசிப்பவள். தனியாக என்று சொன்னால் அவளே ஒப்புக்கொள்ள மாட்டாள். இடது காதுக்குப் பின்னால், தோலுக்கடியில், செவித்துணை இருந்தது. எல்லோருக்கும் இருப்பதுதான். வழி சொல்லும், கணக்குப் பார்க்கும், நெஞ்சு படபடத்தால் ஆறுதல் சொல்லும். தன் பெயருக்குத் தங்கை மாதிரி இருக்கட்டும் என்று அவள் அதற்குப் பவளம் என்று பெயர் வைத்திருந்தாள். அதுவும் அவளை வாய் நிறைய அக்கா என்றுதான் கூப்பிடும். தாயிடம் சொல்லாததையெல்லாம் அவள் பவளத்திடம் சொல்லியிருக்கிறாள்.

அவளுடைய கவலை ஒரு மனிதனைப் பற்றியது. பண்ணை வேலை முடிந்து ஆறாம் தெரு வழியாக வீடு திரும்பும் நாட்களில் எல்லாம் அவன் பின்னால் வருவான். ஐம்பது வயதிருக்கும். ஒல்லி. பேச மாட்டான், நெருங்க மாட்டான். அவள் நின்றால் அவனும் நிற்பான். அவள் காப்புக்கதவைத் தாண்டியதும் திரும்பிப் போய்விடுவான். அவன் தோளில் சாத்தியிருந்த கோடரிதான் அவளைப் பயமுறுத்தியது. முழங்கைக்கு மேல் நீளம், முரட்டுத் தலை, தாத்தா காலத்துப் பொருள். இந்தக் காலத்தில் அந்த மாதிரி ஒன்றைச் சுமந்துகொண்டு திரிபவன் நல்லவனாக இருக்க முடியுமா?

அவன் வரும்போதெல்லாம் பவளம் மெதுவாகச் சொல்லும்: "அக்கா, பின்னாடி ஆள் வருது. நெஞ்சு வேகமா அடிக்குது உங்களுக்கு." அதைக் கேட்டதும் நெஞ்சு இன்னும் வேகமாக அடிக்கும்.

முதலில் அவன் குரலுக்குத் தடை போடச் சொன்னாள். அவன் தன் செவித்துணை வழியாக என்ன பேசினாலும் இனி அவள் காதுக்கு வராது. அதன் பிறகு நல்லதொரு கோடரி தேடச் சொன்னாள். பள்ளி முடிக்கும்போது கொடுத்த பழைய கோடரியை அவள் எப்போதோ பரணில் போட்டுவிட்டு, ஊருக்காக ஒரு பொம்மைக் கோடரியை மாட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் முழுவதும் அக்காவுக்கும் தங்கைக்கும் அதே பேச்சுதான். பவளம் சளைக்காமல் ஒவ்வொன்றாகக் கண்முன் ஒளியில் காட்டியது. தலையும் பிடியும் ஒரே எஃகில் வார்த்ததா, தனித்தனியா? பின்பக்கம் சுத்தியல் வேண்டுமா, கிளிமூக்கு மாதிரிக் கூர்முனை வேண்டுமா? உட்கார்ந்தால் விலாவில் இடிக்குமா? உறையிலிருந்து ஒரே இழுப்பில் வருமா? வாங்கியவர்கள் எழுதிய கருத்துகளையும் வாசித்துக் காட்டியது. ஒருத்தி மகளுக்கும் மருமகளுக்கும் சேர்த்து வாங்கியிருந்தாள். ஒருத்தி பட்டுச் சேலைக்கு உறுத்தாமல் இருக்கிறது என்று மெச்சியிருந்தாள். அதை வைத்து யாரையாவது எதையாவது வெட்டியதாக ஒருவரும் எழுதவில்லை.

கடைசியில் தேறியது 'சிட்டு'. உள்ளங்கையை விடச் சற்றே பெரிய தலை, தாள் மாதிரி மெலிந்த அலகு, பின்னால் கூர்மூக்கு. இடுப்பில் இருப்பதே தெரியாது. நிலவில் பொருளின் எடை ஆறில் ஒரு பங்குதான். முரட்டுக் கோடரியைக்கூட ஒரு விரலில் தூக்கிவிடலாம். ஆனாலும் இலேசானது என்ற சொல்லுக்குப் பூமியில் இருந்த மயக்கம் அங்கேயும் போய்ச் சேர்ந்திருந்தது. இன்னொன்றையும் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. எடைதான் குறையுமே தவிர, ஓங்கி அடிக்கும்போது பலகையை உடைப்பது பொருளின் நிறை. சிட்டிடம் அது கிடையாது.

ஒரே ஒருவர் மட்டும் சிட்டைத் திட்டி எழுதியிருந்தார். உடைபலகை ஒன்றில் அடித்துப் பார்த்தாராம், அலகு மடங்கிவிட்டதாம்.

"அது என்ன பவளம்?" என்று மரகதவல்லி கேட்டாள்.

"அவரு கதவுக்குப் பாத்திருக்காரு. நீங்க ஆளுக்குல்ல பாக்கறீங்க அக்கா?"

நியாயமாகத்தான் பட்டது. மறுநாளே சிட்டு வந்து இடுப்பில் உட்கார்ந்தது.

இரண்டாம் வாரமோ மூன்றாம் வாரமோ, வேலை முடிந்து ஆறாம் தெருவில் நடந்துகொண்டிருந்தாள். அவன் வழக்கம்போலப் பின்னால் வந்தான். அன்று அவளுக்குப் பயம் குறைவாக இருந்தது, கை சிட்டின் மேல் இருந்ததால். வேண்டுமென்றே நின்று, செருப்பைச் சரிசெய்வதுபோலக் குனிந்து, அவனை முன்னால் போகவிட்டாள். அவன் தயங்கினான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு அவளைக் கடந்து, கதவையும் தாண்டிப் போனான். அந்த நேரத்தில்தான் எங்கோ சீறல் கேட்டது. விளக்குகள் அணைந்தன. கதவு இறங்கி மூடிக்கொண்டது.

காது அடைத்தது. மூச்சுப்பையை எடுத்து மூக்கில் வைத்தாள். அது கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும். தட்டுத் தடுமாறித் தன் பக்கத் தாழைப் பிடித்து இழுத்தாள். மறுபக்கம் இழுக்க ஆள் வேண்டும். உடைபலகையைத் தடவிக் கண்டுபிடித்துச் சிட்டால் ஓங்கி அடித்தாள். டிங் என்று சத்தம் வந்தது. மறுபடி அடித்தாள். மறுபடியும். விரலால் தொட்டுப் பார்த்தபோது பலகையில் கீறல்கூட இல்லை. அலகு வெற்றிலை மாதிரி சுருண்டிருந்தது.

"பதறாதீங்க அக்கா, உதவிக்குச் சொல்லியாச்சு" என்றது பவளம். சற்றுக் கழித்து, "கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் நிக்குது. கையில பெரிய கோடரி."

"அவனா?"

"ஆமாக்கா. அவருதான்."

கதவின் மேல் இடி மாதிரி ஒரு அடி விழுந்தது. அவள் பின்வாங்கினாள். மூன்றாவது அடியில் பலகை சிதறியது. துளை வழியாக வெளிச்சம் வந்தது. காற்று ஊதிக்கொண்டு வந்தது. அந்தக் காற்றை இழுத்து மூச்சு விட்டாள். ஆனாலும் அது எங்கிருந்து வந்தது என்று அவள் நினைக்கவில்லை. பிறகு ஒரு கை உள்ளே வந்தது. மணிக்கட்டு வரை, முழங்கை வரை. விரல்கள் இருட்டில் அவள் இருந்த திசையில் துழாவின.

சிட்டின் அலகு போய்விட்டது. பின்பக்கக் கூர்மூக்கு பத்திரமாக இருந்தது, அதை அவள் பலகையில் பயன்படுத்தவில்லை. கோடரியைத் திருப்பி அந்தக் கையின் மேல் ஓங்கி இறக்கினாள். விளம்பரத்தில் சொன்னது அத்தனையும் உண்மை. பிடி வழுக்கவில்லை, குறி தவறவில்லை.

அந்தப் பக்கத்தில் ஒரு முனகல் கேட்டது. கை பின்னால் போகவில்லை. நடுங்கிக்கொண்டே இன்னும் கொஞ்சம் கீழே இறங்கி, தாழைக் கண்டுபிடித்து, பற்றி இழுத்தது. கதவு மேலே ஏறியது.

அவன் தரையில் உட்கார்ந்திருந்தான். வலது கையை நெஞ்சோடு அணைத்திருந்தான். சட்டையெல்லாம் இரத்தம். அவளை நிமிர்ந்து பார்த்து, "மொதல்ல அங்கருந்து வெளிய வாங்கம்மா" என்றான். அவள் தாண்டி வந்த பிறகுதான் மயங்கிச் சாய்ந்தான்.

அவர் பெயர் ஆவுடையப்பன். ஏழாம் தெருவில் பல் மருத்துவர். கடைசியாகக் கதவு இறங்கிய அன்று, ஆறாம் தெருவுக்குள் அகப்பட்டு இறந்தவர்களில் ஒருத்தி அவர் மனைவி உலகம்மை. அன்று அந்தப் பக்கம் தாழை இழுக்க ஆள் இல்லை, பலகையை உடைக்கும்படியான கோடரியும் உள்ளே இல்லை. அதிலிருந்து, வேலை முடிந்து அந்தத் தெருவில் தனியாக யார் வந்தாலும், அவர்கள் கதவைத் தாண்டும் வரை கூடவே நடந்துவிட்டுப் போவது அவர் வழக்கமாகிவிட்டது. பேசினால் பயந்துவிடுவார்களோ என்று பேசாமலே நடந்தார். இதையெல்லாம் மரகதவல்லி மருத்துவமனைத் தாழ்வாரத்தில், செவிலி ஒருத்தி சொல்லித் தெரிந்துகொண்டாள்.

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"உனக்கு இது தெரியுமா பவளம்?"

"தெரியும்கா."

"கதவுக்கு அந்தப் பக்கம் அவர் பேசினாரா?"

"பேசினாரு. 'உங்க பக்கத் தாழை இழுங்க, நானும் இழுக்கறேன்'னாரு. நீங்க இழுக்கலன்னதும்தான் ஒடைச்சாரு. நீங்கதான் தடை போட்டிருந்தீங்களே."

"ஏன்டி சொல்லல எங்கிட்ட?"

"அவரு யாருன்னு நீங்க கேக்கவே இல்லையேக்கா. எந்தக் கோடரி நல்லதுன்னுதான கேட்டீங்க."

மரகதவல்லிக்கு நெஞ்சு எரிந்தது. உடன்பிறந்தவள் மாதிரி நினைத்திருந்தேனே, கூடவே இருந்து கழுத்தறுத்துவிட்டாயே என்று வாய்விட்டு அழுதாள். வாழ்க்கையில் யாரும் அவளை இப்படி ஏமாற்றியதில்லை. ஏமாற்றியதாகச் சொல்லவும் வழியில்லை. அது ஒரு பொய்கூடச் சொல்லவில்லையே. அழுகை ஓயட்டும் என்று காத்திருந்த பவளம், சிட்டுக்கு ஐந்தில் எத்தனை விண்மீன் தரலாம் என்று பணிவாகக் கேட்டது.

அவள் பதில் சொல்லவில்லை. அதனால் என்ன, செய்தி பதில் சொன்னது. முரட்டுக் கோடரிக்காரன் கதவை உடைத்து நுழைய முயன்றான், தனியே இருந்த பெண் சிட்டின் உதவியால் தப்பினாள் என்று அன்றைக்கே ஊர் முழுக்கக் காதில் ஓதியாகிவிட்டது. இரண்டு நாள் கழித்துத் திருத்தம் வந்தது. அதைக் கேட்கும் பொறுமை யாருக்கும் இல்லை. அதற்குள் கடைகளில் சிட்டு தீர்ந்துபோயிருந்தது. முரட்டுக் கோடரி வைத்திருந்த சிலரும், ஊர் வாய்க்குப் பயந்து, அதைக் கொண்டுபோய் உருக்காலையில் போட்டார்கள்.

மரகதவல்லி மன்னிப்புக் கேட்கப் போனாள். எத்தனையோ நாள் தள்ளிப்போட்டுவிட்டுத்தான் போனாள். ஏழாம் தெருவில் அவர் மருத்துவமனை பாதி இருட்டாக இருந்தது. நாற்காலியில் நோயாளி யாரும் இல்லை. ஆவுடையப்பனின் வலது கை விரல்கள் மடங்கியபடி நின்றுவிட்டன. பல் பிடுங்க அந்தக் கை இனி ஆகாது. அவர் எழுந்து நின்றார். எழும்போதே இடது கை இடுப்புக்குப் போனது. இடப்பக்கம், இடது கைக்கு வாகாக, ஒரு சிட்டு தொங்கியது.

அவள் பார்வை அங்கே போனதை அவர் கவனித்தார். கொஞ்சம் கூச்சப்பட்டார்.

"பெரிசைப் பிடிச்சு ஓங்கி அடிக்க இந்தக் கையால ஆகல. உலகம்மைதான் இதை வாங்கச் சொல்லுச்சு" என்றார். செவித்துணைக்கு அவர் மனைவியின் பெயரை வைத்திருந்தார். "நீங்க தெருமுனையில திரும்பும்போதே சொல்லிருச்சு, அன்னைக்கு வெட்டினவங்க வர்றாங்கன்னு."

மரகதவல்லி வாயைத் திறந்தாள். அது பொய் என்று சொல்ல முடியவில்லை.

"மன்னிச்சுக்கிடுங்க" என்றாள்.

"சரிம்மா" என்றார். கை இடுப்பை விட்டு நகரவில்லை. அவளும் தன் கை எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் பார்த்தாள். அதுவும் அங்கேதான் இருந்தது. புதிய சிட்டு. அலகு மடங்கியதற்குக் கடைக்காரர்கள் இலவசமாக மாற்றிக் கொடுத்தது.

ஆறாம் தெரு வழியாகத் திரும்பினாள். கசிவை அடைத்து, புது உடைபலகை பொருத்தியிருந்தார்கள், முன்னதைவிடத் தடிப்பாக. காதுக்குப் பின்னால் ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தால் பவளம் நிரந்தரமாக அணைந்துவிடும். விரலை அங்கே கொண்டுபோனாள். தோலுக்கடியில் அது இளஞ்சூடாக இருந்தது. தெரு நீளமாகக் கிடந்தது, ஆளே இல்லை. அவள் விரல் அழுத்தவில்லை.

"பவளம், பின்னாடி யாராச்சும் வர்றாங்களா?"

"யாருமே இல்லக்கா" என்றது பவளம் அன்பாக. "நிம்மதியாப் போங்க."